அத்தியாயம் 7: குழந்தையின் குடலும் அதில் குடியிருக்கும் கிருமிகளும்

கிருமி என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் முகத்தைச் சுளித்துக்கொண்டு சோப்பையும் சுடுநீரையும் தேடி ஓடும்படி நாம் பழக்கப்பட்டுவிட்டபடியால், ஒரு குழந்தை நல்ல ஆரோக்கியத்துடன் வளரவேண்டுமானால் அதன் குடலில் கோடானுகோடிக் கிருமிகள் குடியிருந்தே ஆகவேண்டும் என்று யாராவது சொன்னால், அது ஏதோ விபரீதமான பேச்சு என்றே பல தாய்மார்களுக்குத் தோன்றக்கூடும். ஆயினும் உண்மை அதுதான். வளர்ந்த மனிதன் ஒருவனுடைய தேகத்தில் ஏறத்தாழ 30 லட்சம் கோடி உயிரணுக்கள் இருப்பதாகவும், அவனோடு சேர்ந்து வாழும் பாக்டீரியாக்கள் 38 லட்சம் கோடி அளவில் இருப்பதாகவும் 2016-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் கணக்கிட்டுச் சொன்னார்கள். அந்தப் பெருந்தொகையில் மிகப் பெரும்பகுதி வாசம் செய்வது பெருங்குடலில்.

நம்முடைய ஜீரண நீர்களால் கரைக்கமுடியாமல் பெருங்குடலுக்கு வந்து சேரும் நார்ச்சத்தையும் மாவுச்சத்தையும் இவை புளிக்கவைத்து, அசெடிக், புரோபியானிக், பியூட்ரிக் என்னும் சிறிய அமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றுள் பியூட்ரிக் அமிலமே பெருங்குடலின் உட்சவ்வுக்குப் பிரதான ஆகாரம். வைட்டமின் கே-யில் ஒரு பங்கையும் பி வகை வைட்டமின்கள் சிலவற்றையும் இவை உற்பத்தி செய்கின்றன. இடத்தையும் இரையையும் தாமே பற்றிக்கொண்டு, நோய்க் கிருமிகள் வந்து காலூன்றாதபடி தடுக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, எதை எதிர்ப்பது, எதைப் பொறுத்துப்போவது என்ற விவேகத்தைக் குழந்தையின் நோய் எதிர்ப்புச் சக்தி பெரும்பாலும் இவற்றோடு பழகியே கற்றுக்கொள்கிறது.

இந்த ஞானம் நமக்குக் குழந்தைகள் வழியாகவே வந்தது என்பது ஒரு விசேஷம். மியூனிக் நகரில் குழந்தை வைத்தியராயிருந்த தியோடர் எஷெரிக், 1885-இல், சிசுக்களின் மலத்தைப் பரிசோதித்து, இன்று அவர் பெயராலேயே வழங்கும் ஈ.கோலை பாக்டீரியாவை விவரித்தார். 1900-ஐ ஒட்டி, பாரிஸிலுள்ள பாஸ்டர் ஸ்தாபனத்தில் ஆன்ரி டிஸியே, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் கவைபோல் பிளந்த உருவமுடைய ஒருவகைக் கிருமி மிகுந்திருப்பதைக் கண்டார். பிபிடோபாக்டீரியம் என்பது அதுவே. அதே ஸ்தாபனத்தைச் சேர்ந்தவரும் 1908-இல் நோபல் பரிசு பெற்றவருமான மெச்னிகாப், புளித்த பாலிலுள்ள கிருமிகள் முதுமையைத் தள்ளிப்போடும் என்று பிரசாரம் செய்தார். அன்று தொடங்கிய ஆராய்ச்சியும் அதன் பின்னோடு வந்த வியாபாரமும் பெருகிப் பெருகி, இன்று பெரும்பாலான மருந்துக்கடைகளில் பொடியாகவும், சொட்டுமருந்தாகவும், சிறு குப்பிகளாகவும் புரோபயாடிக் விற்கும் நிலைக்கு வந்து நிற்கின்றன.

புரோபயாடிக் என்று எதைச் சொல்லலாம் என்பதை 2001-ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனமும் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனமும் கூட்டிய நிபுணர் குழு நிர்ணயித்தது. கிருமி உயிரோடு இருக்கவேண்டும். போதிய அளவில் உள்ளே செல்லவேண்டும். சென்றபின் உடலுக்கு நன்மை விளைவிக்கவேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பெயருக்கு அது உரியதாகாது. கடையில் விற்பனவற்றில் எவை இந்த நிபந்தனைகளுக்கு உட்படுகின்றன, எவை உட்படவில்லை, அவற்றை வாங்கவேண்டிய அவசியமே நேராமல் குழந்தையின் குடலைப் பேணுவது எப்படி என்பனவற்றைக் கூறுவதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

பிறப்பு முதல் மூன்று வயது வரை

பிறக்கும் சமயத்தில் குழந்தையின் குடலில் கிருமிகள் இல்லை என்றே சொல்லிவிடலாம். இயற்கையான பிரசவத்தில் தாயின் பிறப்புவழியிலும் குடலிலும் உள்ள கிருமிகள் குழந்தையை முதலில் வந்தடைகின்றன. சிசேரியன் பிரசவத்திலோ தோலிலும் ஆஸ்பத்திரிச் சூழலிலும் உள்ளவை முந்திக்கொள்கின்றன. பாக்டிராய்ட்ஸ் போன்ற சில இனங்கள் வந்துசேரத் தாமதமாகிறது. இந்த வேற்றுமை மாதங்கள் செல்லச் செல்லக் குறைந்துவருவது என்பதையும், தாய்ப்பால் அதைக் குறைப்பதற்கு உதவுகிறது என்பதையும் அறிந்துகொண்டால், சிசேரியன் ஆகிவிட்டதே என்று எந்தத் தாயும் மனம் நோகவேண்டிய காரணம் இல்லை. தாயின் பிறப்புவழித் திரவத்தைத் துணியில் எடுத்துக் குழந்தையின்மேல் தடவும் முறை ஒன்றை அயல்நாடுகளில் பரிசோதித்துவருகிறார்கள். தொற்று பரவும் அபாயம் உண்டாகையால் அதை வீட்டில் யாரும் முயலலாகாது. இருவகைப் பிரசவத்திலும் செய்யத்தக்கது ஒன்றே: குழந்தையைத் துடைத்துத் தாயின் மார்போடு மார்பாக அணைத்துப் போட்டு, முதல் ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கத் தொடங்குவது.

வைட்டமின் கே-யை உண்டாக்கும் கிருமிகள் இன்னும் குடியேறாத நிலையில், உடலில் சேமிப்பும் சொற்பமாய், தாய்ப்பாலிலும் அச்சத்து குறைவாயிருப்பதனால், பிறந்த குழந்தைக்கு இரத்தக் கசிவு நேரக்கூடும். பிறந்தவுடன் தொடையில் போடப்படும் வைட்டமின் கே ஊசி இதற்காகத்தான். ஊசி எதற்கு என்று தடுக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், இந்தக் காரணத்தை எடுத்துச் சொல்லி அவர்களை இணங்கச் செய்யவேண்டும்.

ஏறக்குறைய மூன்று வயது நிறையும் தறுவாயில் குழந்தையின் குடல் கிருமிகள் பெரியவர்களுடையதைப் போன்ற பல்வகைப்பட்ட, ஸ்திரமான அமைப்பைப் பெறுகின்றன. ஆகவே நம்முடைய கவனமெல்லாம் அந்த மூன்று ஆண்டுகளின்மீதே விசேஷமாகச் செல்லவேண்டும்.

தாய்ப்பால்

தாய்ப்பாலில் லாக்டோஸ் சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடியாக மிகுந்திருக்கும் திடப்பொருள் எது என்று பார்த்தால், அது குழந்தையால் ஜீரணிக்கவே முடியாத ஒருவகைச் சிக்கலான சர்க்கரை என்பது நம்மை வியப்பில் ஆழ்த்துகிறது. லிட்டருக்கு 5 முதல் 15 கிராம் வரை இருக்கும் இந்தச் சர்க்கரை வகைகள் இரைப்பையையும் சிறுகுடலையும் கடந்து அப்படியே பெருங்குடலை அடைகின்றன. அங்கே பிபிடோபாக்டீரியம் இனத்தின் சில வகைகள், விசேஷமாக இன்பான்டிஸ் என்னும் வகை, அவற்றை உண்டு பெருகுகின்றன. தாயானவள் தன் குழந்தைக்கு ஊட்டுகிற அதே பாலில் குழந்தையின் குடல் கிருமிகளுக்கும் தனியாக உணவு வைத்து அனுப்புகிறாள். சீம்பாலில் இந்தச் சத்து லிட்டருக்கு 20 கிராமுக்கு மேலும் காணப்படுகிறது. மஞ்சளாயிருக்கிறது, கெட்டியாயிருக்கிறது என்று சீம்பாலைப் பீய்ச்சி எறிந்துவிடும் வீடுகளில் குழந்தை முதல் நாளிலேயே எவ்வளவு பெரிய ஆஸ்தியை இழக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலம் அரைத்த கடுகின் மஞ்சள் நிறத்தில், இளகலாக, சிறு சிறு திப்பிகளோடு, இலேசான புளிப்பு வாடையுடன் இருக்கும், நாற்றம் இராது. அந்தப் புளிப்பு பிபிடோபாக்டீரியம் உண்டாக்கும் அசெடிக், லாக்டிக் அமிலங்களால் வருவது. அந்த அமிலத்தன்மையில் நோய்க் கிருமிகள் பல வளரமாட்டா. ஒரு நாளில் ஏழெட்டு முறை போகும் குழந்தையும் உண்டு. ஒரு மாதம் கடந்தபின் நாலைந்து நாளுக்கு ஒருமுறை மட்டும் போகும் குழந்தையும் உண்டு. பால் நன்றாகக் குடித்து, சிறுநீர் தாராளமாகக் கழித்து, எடையும் கூடிவருமானால், முன்னதைப் பேதி என்றும் பின்னதை மலச்சிக்கல் என்றும் கருதி மருந்து தேடவேண்டியதில்லை.

இங்கே நம் ஊர்ச் சம்பிரதாயம் ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் விடுவதற்கில்லை. பிறந்த குழந்தையின் நாவில் சேனை வைப்பது என்று, சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ கழுதைப்பாலையோ வீட்டுப் பெரியவர் ஒருவர் கையால் தொட்டு வைக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்னும் அற்றுப்போகவில்லை. அன்பின் மிகுதியால் செய்யப்படும் காரியம் அது என்பதில் ஐயமில்லை. எனினும் கழுவாத விரலும் காய்ச்சாத பாலும் வெறுமையான குடலுக்கு முதல் விருந்தாகப் போய்ச் சேருகின்றன என்பதை மறக்கலாகாது. தேனைப் பொறுத்தவரை அபாயம் இன்னும் நுட்பமானது. தேனில் சில சமயம் போட்டுலிசம் என்னும் நஞ்சை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கும். பெரியவர்களின் குடலில் ஏற்கெனவே நிறைந்திருக்கும் கிருமிகள் அந்த வித்துகளை முளைக்கவிடுவதில்லை. கிருமிகளின் அரண் இன்னும் உருவாகாத சிசுவின் குடலிலோ அவை முளைத்து நஞ்சைக் கக்கி, தசைகளைத் தளரச்செய்து, மூச்சையும் நிறுத்திவிடக்கூடும். ஆகையால் ஒரு வயது நிறையும்வரை தேன் ஒரு துளியும் கூடாது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும். கோடையிலும் தனியே தண்ணீர் வேண்டாம். வழக்கத்தை விடமுடியவில்லையானால், அந்தப் பெரியவரே சுத்தமான கையால் குழந்தையை எடுத்துத் தாயின் மார்பில் சேர்ப்பிக்கட்டும். சம்பிரதாயமும் நிறைவேறும், குழந்தைக்கும் கேடில்லை.

ஆறு மாதத்துக்குப் பின்: சோறும் பருப்பும் தயிரும்

தாய்ப்பாலை நிறுத்தாமலே மற்ற ஆகாரங்களைத் தொடங்கும்போது குடலில் வேறு பல இனக் கிருமிகள் வந்து குடியேறுகின்றன. எந்த இனம் வேரூன்றும் என்பதை நிர்ணயிப்பது நாம் ஊட்டும் உணவே. டாக்கா நகரின் மீர்ப்பூர் பகுதியில், 12 முதல் 18 மாத வயதுடைய, எடை குறைந்த குழந்தைகளிடையே நடத்திய ஒரு பரிசோதனையின் முடிவு 2021-இல் வெளிவந்தது. கொண்டைக்கடலை, நிலக்கடலை, சோயா, வாழைக்காய் ஆகியவற்றின் மாவைச் சேர்த்துச் செய்த ஓர் உணவைச் சில குழந்தைகளுக்கும், வழக்கமாகக் கொடுக்கப்படும் ஊட்ட உணவை வேறு சில குழந்தைகளுக்கும் கொடுத்துப் பார்த்ததில், முன்னதில் கலோரி குறைவாயிருந்தபோதிலும் அதை உண்ட குழந்தைகளே எடையில் அதிகம் தேறினார்கள். வளர்ச்சியோடு சம்பந்தப்பட்ட குடல் கிருமிகளும் அவர்களிடம் பெருகியிருந்தன. இந்தப் பண்டங்களில் சோயாவைத் தவிர மற்றவை நம்முடைய மளிகைக் கடையிலும் காய்கறிக் கடையிலும் என்றும் கிடைப்பவை. கடலையை முழுதாகக் கொடுத்தால் தொண்டையில் சிக்கும். வறுத்து மைய அரைத்துக் கஞ்சியிலோ பருப்புச் சாதத்திலோ கலந்து கொடுக்கவேண்டும். வாழைக்காயைத் தோலோடு வேகவைத்து உரித்து மசித்தால் ஆறேழு மாதக் குழந்தையும் உண்ணும்.

வாழைக்காயிலும், ஆறிய சோற்றிலும் ஜீரணமாகாத மாவுச்சத்து ஓரளவு இருக்கிறது. பெருங்குடல் கிருமிகள் அதைச் சிறு அமிலங்களாக மாற்ற, அவ்வமிலங்கள் உப்பையும் நீரையும் உறிஞ்சிக்கொள்ளும்படி பெருங்குடலைத் தூண்டுகின்றன. இந்தத் தத்துவத்தை ஆதாரமாகக் கொண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் உப்புக் கரைசலோடு இவ்வகை மாவைச் சேர்த்துக் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்து, பேதியில் நீர் கழிவது குறைவதை 2000-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார்கள். நெடுநாள் பேதியால் வருந்திய குழந்தைகளுக்கு வேகவைத்த வாழைக்காய் குணம் தந்ததை டாக்கா ஆராய்ச்சியாளர்கள் அதற்கு அடுத்த ஆண்டு வெளியிட்டார்கள்.

தயிரைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். வீட்டில் பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, ஒரு கரண்டி மோர் விட்டு உறையூற்றினால், ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் லாக்டிக் அமிலக் கிருமிகள் பெருகித் தயிர் தோய்கிறது. பாலிலுள்ள லாக்டோஸில் ஒரு பகுதியை அவை தின்றுவிடுவதால், பால் ஒத்துக்கொள்ளாத வயிற்றுக்கும் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். ஆனால் வீட்டுத் தயிரில் இன்ன இனக் கிருமி இவ்வளவு எண்ணிக்கையில் இருக்கிறது என்று யாரும் அளந்து சொல்வதற்கில்லை. அது வீட்டுக்கு வீடு, நாளுக்கு நாள் மாறும். ஆகவே சாஸ்திரப்படி அதைப் புரோபயாடிக் என்று சொல்லமாட்டார்கள். அதனால் தயிரின் மதிப்பு குறைந்துவிடாது. நல்ல ஆகாரம் என்ற முறையில் அது என்றும் நல்ல ஆகாரமே. ஆறு மாதம் நிறைந்தபின் புளிக்காத தயிரைச் சோற்றில் பிசைந்து சிறிதளவு தொடங்கலாம். பசும்பாலை முக்கியக் குடிபாலாகக் கொடுப்பதை மட்டும் ஒரு வயதுவரை தள்ளிப்போடவேண்டும். கொதிக்கும் சாதத்தில் தயிரை ஊற்றினாலும், மோர்க்குழம்பாகக் கொதிக்கவைத்தாலும் கிருமிகள் மடிந்துபோம். சாதம் ஆறியபின் பிசைவதே முறை. இட்லி மாவைப் புளிக்கச் செய்யும் கிருமிகளும் ஆவியில் வேகும்போது உயிரிழந்துவிடுகின்றன. இட்லியின் நன்மை, புளித்ததனால் அது எளிதில் ஜீரணமாவதில் இருக்கிறது.

இவற்றோடு கீரை, பூசணி, கேரட், பயறு வகைகள், கேழ்வரகு, கம்பு, அந்தந்தப் பருவத்தின் பழம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்துவந்தால், வெவ்வேறு கிருமி இனங்களுக்கு வெவ்வேறு நார்ச்சத்து கிடைக்கும். பிஸ்கட்டையும் பாக்கெட் மாவையுமே தின்று வளரும் குழந்தைக்கு எந்தக் குப்பி மருந்தாலும் அந்தக் குறையை நிரப்பமுடியாது.

ஆன்டிபயாடிக் என்னும் இருமுனைக் கத்தி

நிமோனியா, டைபாய்டு, சிறுநீர்த் தொற்று முதலிய நோய்களில் ஆன்டிபயாடிக் உயிர் காக்கும் ஔஷதம். டாக்டர் எழுதிய அளவில், எழுதிய நாள் வரையில் தவறாமல் கொடுக்கவேண்டும். ஆனால் சளி, இருமல், சாதாரணக் காய்ச்சல், நீர்போலப் போகும் பேதி ஆகியவற்றில் பெரும்பாலானவை வைரஸால் வருவன; அவற்றின்மேல் ஆன்டிபயாடிக்குக்கு எந்த அதிகாரமும் இல்லை. நோய்க் கிருமியையும் நல்ல கிருமியையும் பிரித்தறியாமல் அது குடலைச் சூறையாடிவிட்டுப் போகும். சென்ற முறை எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டி அதே சிரப்பை மறுபடி வாங்குவதும், மூத்த குழந்தைக்கு வாங்கியதில் மிச்சமிருப்பதை இளையதற்கு ஊற்றுவதும் அடியோடு விடத்தக்க பழக்கங்கள்.

புரோபயாடிக் எதற்கு உதவும், எதற்கு உதவாது

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வாயால் கொடுக்கும் புரோபயாடிக் கிருமிகளில் பெரும்பாலானவை குடலில் நிரந்தரமாகத் தங்குவதில்லை; சத்திரத்தில் இரண்டொரு இரவு தங்கிச் செல்லும் யாத்ரிகர்களைப்போல, கொடுக்கும் வரையில் இருந்துவிட்டு, நிறுத்தியபின் சில நாட்களிலோ வாரங்களிலோ வெளியேறிவிடுகின்றன. ஆகவே, வருஷம் முழுவதும் கொடுத்துவந்தால் குடல் பலப்படும் என்பதற்கு ஆதாரம் இல்லை. குறிப்பிட்ட நோய்க்கு, குறிப்பிட்ட வகையை, குறிப்பிட்ட காலம் கொடுப்பதில்தான் பிரயோஜனம்.

ஆன்டிபயாடிக்கால் வரும் பேதி: புரோபயாடிக்குக்கு வலுவான சான்று உள்ள இடம் இதுவே. 33 பரிசோதனைகளையும் அவற்றில் பங்குபெற்ற ஆறாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளையும் ஒருங்கே ஆராய்ந்து 2019-இல் காக்ரேன் குழு வெளியிட்ட முடிவின்படி, புரோபயாடிக் பெறாதவர்களில் நூற்றுக்கு 19 பேருக்குப் பேதி கண்டது. பெற்றவர்களில் நூற்றுக்கு 8 பேருக்கு மட்டுமே கண்டது. லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் ஜி.ஜி., சாக்கரோமைசிஸ் பௌலார்டி ஆகிய இரண்டும், நாளொன்றுக்கு 500 கோடி முதல் 4,000 கோடி வரையான அளவில், இதற்கு ஏற்றவை என்று அறியப்பட்டுள்ளன. ஆன்டிபயாடிக் தொடங்கும் நாளிலேயே இதையும் தொடங்கலாமா என்று டாக்டரிடம் கேட்டறிக.

சிசுக்களின் ஓயாத அழுகை: பிறந்து சில வாரங்களில் தொடங்கி, மாலை வேளைகளில் முகம் சிவக்க, கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு மணிக்கணக்கில் வீறிட்டழும் குழந்தைகள் உண்டு. உரம் விழுந்துவிட்டது என்று உரமெடுக்கவும், தொக்கம் என்று வாயில் ஊதி எடுக்கவும் தூக்கிச் செல்வது வழக்கம். இரண்டிலும் குழந்தைக்கு ஆபத்து உண்டு. லாக்டோபேசில்லஸ் ரூட்டரி டி.எஸ்.எம். 17938 என்னும் வகை, தாய்ப்பால் குடிக்கும் சிசுக்களுக்கு இந்த அழுகையைக் குறைக்கிறது என்பதை 2018-இல் நான்கு பரிசோதனைகளைத் தொகுத்துக் கண்டார்கள். மூன்று வாரத்தின் முடிவில் நாளொன்றுக்குச் சராசரியாக 25 நிமிஷ அழுகை குறைந்தது. புட்டிப்பால் குழந்தைகளுக்கு இந்த நன்மை நிரூபணமாகவில்லை. மருந்து கொடுத்தாலும் கொடாவிட்டாலும் மூன்று நான்கு மாதத்தில் இந்த அழுகை தானே அடங்கிவிடும்.

திடீர்ப் பேதி: வயிற்றுப்போக்குக் கண்டவுடன் புரோபயாடிக் வாங்குவது நம் நாட்டில் சாதாரணமாகிவிட்டது. ஆனால் 2018-இல் அமெரிக்காவில் 971 குழந்தைகளிடமும் கனடாவில் 886 குழந்தைகளிடமும் நடந்த இரு பெரும் பரிசோதனைகளில், புரோபயாடிக் பெற்றவர்களும் வெறும் பொடியைப் பெற்றவர்களும் ஒரே காலத்தில்தான் குணமடைந்தார்கள். பேதியில் உயிர் காப்பது ஓ.ஆர்.எஸ். கரைசலும் துத்தநாகமுமே. ஒரு லிட்டர் பொட்டலம் முழுவதையும், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் நீரில் ஒரே முறையாகக் கரைக்கவேண்டும். பாதிப் பொடியைக் கண்திட்டமாகக் கரைத்தால் உப்பின் அளவு பிசகிக் கெடுதல் நேரும். ஒவ்வொரு முறை கழிந்தபின்னும், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்டதற்கு 100 முதல் 200 மில்லி, கரண்டி கரண்டியாகக் கொடுக்கலாம். கரைத்தது 24 மணி நேரத்துக்குமேல் ஆகாது. துத்தநாக மாத்திரை ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் கீழ்ப்பட்டதற்கு 10 மில்லிகிராம் வீதம், பேதி நின்றபின்னும் விடாமல், டாக்டர் சொல்லும் 10 முதல் 14 நாள் வரை கொடுக்கவேண்டும். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்திப் பட்டினி போடுவது பெருந்தவறு.

பிறந்த குழந்தைகளின் இரத்த நச்சு: ஒடிஷாவின் கிராமங்களில் 4,556 குழந்தைகளிடம் நடத்தி 2017-இல் வெளியான ஆராய்ச்சி உலகத்தின் கவனத்தைக் கவர்ந்தது. தாய்ப்பால் குடிக்கும், பிறந்தபோது இரண்டு கிலோவுக்குக் குறையாத குழந்தைகளுக்கு லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் வகை ஒன்றை அதற்குரிய சர்க்கரை உணவோடு சேர்த்து ஏழே நாள் கொடுத்ததில், இரத்த நச்சோ மரணமோ நேர்ந்தவர்களின் விகிதம் நூற்றுக்கு 9-லிருந்து 5.4 ஆகக் குறைந்தது. மகத்தான முடிவுதான், எனினும் அது அந்த ஒரு வகைக்கும் அந்தக் குழந்தைகளுக்கும் உரிய முடிவு, கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு சொட்டுமருந்தைப் பிறந்த குழந்தைக்குக் கொடுப்பதற்கு அது அனுமதிச் சீட்டாகாது.

உயரம் கூட, எடை கூட, புத்தி கூர்மையாக, பசி எடுக்க என்று விளம்பரம் செய்யப்படுவனவற்றுக்குப் பணம் செலவழிக்கவேண்டாம். மலச்சிக்கலுக்கும் புரோபயாடிக்கைவிட நீரும், நாருள்ள உணவும், காலையில் அவசரமில்லாமல் கழிப்பறையில் உட்காரும் பழக்கமும், தேவையானால் டாக்டர் தரும் மருந்துமே கைகொடுப்பவை.

சீட்டைப் படிக்கும் முறை

பெட்டியின்மேல் ஒட்டிய சீட்டில் கிருமியின் பெயர் மூன்று பகுதியாக இருக்கவேண்டும்: இனம், வகை, அதன்பின் எழுத்தோ எண்ணோ கொண்ட அடையாளக் குறி. முதலிரண்டு பெயரும் ஒன்றாயிருந்து குறி மட்டும் வேறானால்கூட இரண்டின் குணமும் வேறாகக்கூடும். 2020-இல் லாக்டோபேசில்லஸ் இனத்தைப் பலவாகப் பிரித்துப் புதுப் பெயர் சூட்டியிருப்பதால், ராம்னோசஸின் முன்னால் லாக்டிகேசிபேசில்லஸ் என்றும், ரூட்டரியின் முன்னால் லிமோசிலாக்டோபேசில்லஸ் என்றும் இருந்தால் மயங்கவேண்டாம். அடையாளக் குறியைப் பாருங்கள்.

அடுத்தது எண்ணிக்கை. தயாரித்த நாளில் இருந்த எண்ணிக்கையை மட்டும் போடாமல், காலாவதி நாள் வரையில் உயிரோடு இருக்கக்கூடிய எண்ணிக்கையைப் போட்டிருப்பதே நம்பத்தக்கது. பத்துப் பன்னிரண்டு இனங்களை ஒன்றாய்க் கலந்திருப்பதைப் பெருமையாகப் போட்டிருந்தால் மயங்கவேண்டாம்; அந்தக் கலவையே பரிசோதிக்கப்பட்டதா என்பதுதான் கேள்வி. சேமிக்கவேண்டிய வெப்பநிலையையும் கவனிக்க: குளிர்பெட்டியில் வைக்கச் சொன்னதைச் சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் விட்டுவந்தால் உள்ளே எஞ்சுவது செத்த கிருமியின் தூளே.

நம் ஊரில் மிகுதியாக எழுதப்படும் ஐந்து மில்லி பிளாஸ்டிக் குப்பிகளில் இருப்பது பேசில்லஸ் கிளாசியின் வித்துகள். குப்பி ஒன்றில் 200 கோடி. குலுக்கினால் சுண்ணாம்புத் தெளிவுபோல் கலங்கும் அந்தத் திரவம் வெறும் தண்ணீர்போல ருசியற்றிருக்கும். வித்து வடிவில் இருப்பதால் வெப்பத்தையும் இரைப்பை அமிலத்தையும் தாங்கும். ஊசி வழியாக மட்டும் ஒருபோதும் செலுத்தலாகாது.

கொடுக்கும் முறையும் எச்சரிக்கையும்

பொடியை வெதுவெதுப்புக்கு மேற்படாத நீரிலோ பாலிலோ கலந்து உடனே கொடுத்துவிடவேண்டும். கொதிக்கும் பாலில் கலப்பது வீண். பாக்டீரியா வகையானால் ஆன்டிபயாடிக்குக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுக. சாக்கரோமைசிஸ் பௌலார்டி ஈஸ்ட் இனமாதலால் ஆன்டிபயாடிக் அதைக் கொல்லாது. பூஞ்சைக்கு எதிரான மருந்துகள் கொல்லும். பசும்பால் ஒவ்வாமை உள்ள குழந்தையாயின் பொடியில் பால் புரதம் சேர்ந்திருக்கிறதா என்று விசாரிக்கவேண்டும்.

குறைமாதத்தில் பிறந்தவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவர்கள், பெரிய இரத்தக் குழாயில் குழாய் செருகப்பட்டவர்கள், குடலின் பெரும்பகுதியை இழந்தவர்கள் ஆகிய குழந்தைகளுக்கு டாக்டரின் உத்தரவின்றி எந்தப் புரோபயாடிக்கும் கூடாது. நல்ல கிருமி என்று பெயர் பெற்றதும் இவர்களுடைய இரத்தத்தில் புகுந்து உயிருக்கே உலை வைத்துவிடும். குறைமாதச் சிசுக்களின் குடல் அழுகல் நோயைச் சில வகைகள் குறைப்பதாகப் பரிசோதனைகள் காட்டியிருந்தபோதிலும், புரோபயாடிக் பெற்ற ஒரு குறைமாதக் குழந்தை இறந்ததை அடுத்து, 2023-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஆஸ்பத்திரிகளை எச்சரித்தது. அது நிபுணர்கள் கூடி முடிவு செய்யவேண்டிய காரியம். வீட்டு வைத்தியத்துக்குரியது அன்று.

மலத்தில் இரத்தம், விடாத வாந்தி, குழிந்த கண்கள், ஆறு முதல் எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெல்லத் திரும்புதல், தாய்ப்பாலோ நீரோ குடிக்கமுடியாத சோர்வு, கடுங்காய்ச்சல் ஆகிய இவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டாலும், கைமருந்தையும் குப்பி மருந்தையும் ஒதுக்கிவிட்டு, வழியெல்லாம் ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே குழந்தையை ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லவேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவானால் சாதாரணப் பேதிக்கும் காய்ச்சலுக்கும்கூடக் காத்திருக்கலாகாது.

குழந்தையின் குடலை வளமாக்கும் பொறுப்பில் மிகப் பெரும் பங்கு தாய்ப்பாலுக்கும், வீட்டில் சமைக்கும் பலவகை உணவுக்கும், தேவையற்ற ஆன்டிபயாடிக்கைத் தவிர்க்கும் விவேகத்துக்கும் உரியது. புரோபயாடிக்கின் பங்கு சிறியது, ஆனால் உரிய இடத்தில் உண்மையானது. ஆதலால் பெற்றோர்களைக் கேட்டுக்கொள்வது ஒன்றே: இனிமேல் யாராவது உங்கள் குழந்தைக்குப் புரோபயாடிக் கொடுக்கச் சொன்னால், எந்த நோய்க்கு, எந்த வகை, எத்தனை நாள் என்ற மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள், மூன்றுக்கும் திருப்தியான பதில் கிடைத்தாலொழிய வாங்காதீர்கள்.